'சொகுசுக் கப்பல்' என்று ஒரு கப்பல் கிடையாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த விடுமுறைக் கப்பல் பயணக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 'சொகுசுக் கப்பல்' என்ற சொல் அதில் பதினேழு இடங்களில் வருகிறது. முப்பத்தொரு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவளுக்கு எண்ணாமல் இருக்க முடியாது, மன்னிக்கவும். வாரணாசியிலிருந்து அசாமின் திப்ருகருக்கு 51 நாள் ஆற்றில் போன, 36 பேருக்கு மட்டுமே இடமுள்ள கங்கா விலாஸும், நிரம்பினால் 7,600 பேர் ஏறும் ஐகான் ஆஃப் தி சீஸும் உங்கள் பட்டியலில் ஒன்றன் கீழ் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. பக்கத்தில் 'குறைந்தபட்சக் கட்டணம்' என்று ஒரு கட்டம். சேலம் புது பஸ் ஸ்டாண்டில் நிற்கும் டவுன் பஸ், ஏற்காடு பஸ், சென்னை ஸ்லீப்பர் மூன்றையும் 'பேருந்து' என்று எழுதி, டிக்கெட் விலையை மட்டும் போட்டால் ஊருக்குப் புதிதாக வந்தவர் எதில் ஏறுவார்?

நான் கடலில் பிறந்து வளர்ந்தவள் இல்லை. எங்களுக்குத் தெரிந்த தண்ணீர் மேட்டூர் அணையும் ஏற்காடு ஏரியும்தான். ஆனால் பணி ஓய்வுக்குப் பிறகு இரண்டு முறை கப்பலில் போய்விட்டேன். முதல் முறை சென்னையிலிருந்து, அடுத்தது சிங்கப்பூரிலிருந்து. இரண்டு முறையும் வீட்டுக்காரர், எழுபத்தொன்பது வயது மாமியார், மகள், மாப்பிள்ளை, ஒன்பது வயதுப் பேரன் என்று முழுக் குடும்பம். பட்ட பாடு இருக்கிறதே, அதனால்தான் எழுதுகிறேன்.

சிங்கப்பூர் பயணத்துக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் என்னுடைய பழைய மாணவர். பெயர் வேண்டாம், கப்பலின் பெயரும் வேண்டாம். "டீச்சர், சீ வியூ ரூம் போட்டாச்சு. படுத்துக்கிட்டே கடலைப் பார்க்கலாம்" என்றார். கப்பலில் ஏறி அறைக் கதவைத் திறந்ததும் மாமியார் நேராகச் சன்னலுக்குப் போய்த் திரையை விலக்கினார். சன்னலை அடைத்துக்கொண்டு ஆரஞ்சு நிறத்தில் ஒரு சுவர். அரை நிமிஷம் கழித்துத்தான் புரிந்தது, அது உயிர்காப்புப் படகின் முதுகு. படகுக்கு மேலே ஒரு சாண் இடுக்கில் கொஞ்சம் கடல் தெரிந்தது. அத்தை தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, இதுக்கு நம்ம ஏற்காடு ஏரியே பரவால்லையே" என்றார். வீட்டுக்காரர், "ஆபத்துன்னா நாமதான் முதல்ல ஏறுவோம்" என்று சமாதானம் சொன்னார். அதுவும் தப்பு. சன்னலுக்கு நேரே தொங்குவதெல்லாம் நம் படகு ஆகிவிடாது. எங்கே போய்க் கூட வேண்டும் என்பது அறை அட்டையில் அச்சடித்திருக்கும். எங்களுக்குக் கப்பலின் மறுபக்கம்.

ஊர் திரும்பி ரசீதை எடுத்துப் பார்த்தால், அறை வகைக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'பார்வை மறைப்பு உண்டு' என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் இரண்டு சொல் இருக்கிறது. அந்த வகை அறை ஒன்றும் மோசமில்லை. வெளிச்சம் வரும், கடல் மட்டும் வராது, அதனால் விலையும் குறைவு. தெரிந்து வாங்கினால் லாபம்தான். எங்களிடம் வாங்கியது முழுச் சன்னல் விலை. ஒவ்வொரு கப்பலுக்கும் 'டெக் பிளான்' என்று தளம் தளமாக வரைபடம் உண்டு. படகுகள் எந்தத் தளத்தில் தொங்குகின்றன என்பது அதில் தெரியும். உங்கள் கட்டுரை அந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் எத்தனையோ மாமியார்கள் பிழைத்திருப்பார்கள்.

சரி, கணக்குக்கு வருகிறேன். ஒரு கப்பலை 'ஒன்றரை லட்சம் டன் எடை' என்று எழுதியிருந்தீர்கள். அது எடை இல்லை. கிராஸ் டன்னேஜ் என்பது கப்பலுக்குள் அடைபட்டிருக்கும் இடத்தின் அளவு. மேட்டூரில் 93.47 டி.எம்.சி. என்று சொல்கிறோமே, அது தண்ணீரின் எடையா? 1969-இல் நாடுகள் கூடிச் செய்துகொண்ட உடன்பாட்டில் இதற்கு ஒரு சூத்திரமே உண்டு. கப்பலின் மொத்த உள் அளவைக் கன மீட்டரில் எடுக்க வேண்டும். அந்த எண்ணின் லாகரிதத்தை 0.02-ஆல் பெருக்கி, அதோடு 0.2-ஐக் கூட்டி, வருவதால் கன அளவைப் பெருக்க வேண்டும். "லாக் எல்லாம் எதுக்கு மிஸ் படிக்கணும்?" என்று கேட்ட பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் விட்டேனே என்று இப்போது இருக்கிறது.

இந்த டன்னை, அறைக்கு இரண்டு பேர் என்ற கணக்கில் வரும் பயணிகள் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். தலைக்கு எவ்வளவு இடம் என்பது வந்துவிடும். கப்பல் தொழிலில் இருப்பவர்களும் இந்த விகிதத்தைத்தான் பார்க்கிறார்கள். சென்னைக்கு வந்த கோர்டிலியா நிறுவனத்தின் எம்பிரஸ் 48,563 டன், சுமார் 1,600 பேர். தலைக்கு 30. சிங்கப்பூரிலிருந்து போகும் கென்டிங் டிரீம் 1,50,695 டன், 3,352 பேர். 45 வருகிறது. ராயல் கரீபியனின் ஐகான் 2,48,663 டன், 5,610 பேர். அது 44. வைக்கிங் நிறுவனத்தின் பெரும்பாலான கடல் கப்பல்கள் கிட்டத்தட்ட 47,800 டன்தான், ஆனால் ஏற்றுவது 930 பேர். 51-ஐத் தாண்டுகிறது.

எம்பிரஸும் வைக்கிங்கும் ஏறக்குறைய ஒரே அளவு வீடு. ஒன்றில் குடியிருப்பவர்கள் மற்றதைப் போல ஒன்றே முக்கால் மடங்கு. வைக்கிங் விலை ஏன் நமக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது என்பதும் இந்த வகுத்தலிலேயே தெரிந்துவிடும். 'பெரிய கப்பல் என்றால் நெரிசல்' என்று நீங்கள் எழுதியதும் அப்படியே சரியில்லை. ஐகான் எம்பிரஸைவிட ஐந்து மடங்கு பெரியது, தலைக்கு இடமும் அதில்தான் அதிகம். ஆனால் ஒன்று, இது இரண்டு பேர் கணக்கு. பள்ளி விடுமுறையில் அறைக்கு மூன்று பேர், நான்கு பேர் என்று அடைத்து 7,600 ஆனால் அதே ஐகான் 33-க்கு இறங்கிவிடுகிறது. கூட்டத்தைத் தீர்மானிப்பது கப்பல் பாதி, காலண்டர் பாதி.

எம்பிரஸை நான் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். 1990-இல் நார்டிக் எம்பிரஸ் என்ற பெயரில் ராயல் கரீபியனுக்காகக் கட்டிய கப்பல் அது. அந்தக் காலத்துக் கப்பல் என்பதால் பால்கனி அறைகள் குறைவு. ஆனால் நீளம் 211 மீட்டர்தான். முழங்கால் வலிக்காரருக்கு அது பெரிய வரம். சென்னையிலிருந்து போனபோது அத்தை லிஃப்டிலிருந்து சாப்பாட்டு அறைக்குக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தானாகவே நடந்தார். சிங்கப்பூர்க் கப்பல் முந்நூறு மீட்டருக்கு மேல். எங்கள் அறை முன்பக்கம், சாப்பாட்டுக் கூடம் பின்பக்கம். முதல் நாள் ராத்திரி நடைபாதையின் பாதியிலேயே நின்று, "எனக்குப் பசிக்கல, நீங்க போங்க" என்றார். பசி இல்லாமல் இல்லை. மறுநாள் சக்கர நாற்காலி கேட்டு வாங்கினோம். பேரனுக்கோ அந்தக் கப்பல்தான் சொர்க்கம். தண்ணீர்ச் சறுக்கலில் விட்டால் சாப்பாட்டுக்கே வரமாட்டான். ஒரே கப்பல், ஒரே குடும்பம், இரண்டு பேருக்கு இரண்டு கப்பல்.

அதனால்தான் யாரைக் கூட்டிப் போகிறோம் என்பதை முதலில் கேட்க வேண்டும் என்கிறேன். வைக்கிங்கில் பதினெட்டு வயதுக்குக் கீழே ஏற்றுவதே இல்லை, கேசினோவும் கிடையாது. டிஸ்னி கப்பல்களிலும் கேசினோ இல்லை, ஆனால் அது முழுக்கப் பிள்ளைகளின் உலகம். மற்ற பெரிய கப்பல்கள் பலவற்றில் சூதாட்டக் கூடம் நட்டநடுவில் இருக்கும், சாப்பிடப் போகவே அதைத் தாண்டித்தான் போக வேண்டும். 2022 ஜூன் 4 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் சென்னையில் கொடியசைத்துத் தொடங்கி வைத்த கோர்டிலியா சேவைக்கு, அதே மாதம் புதுச்சேரியில் அனுமதி கிடைக்காமல் போனதும் கேசினோ பற்றிய எதிர்ப்பால்தான். அறிவித்த ஊருக்குக் கப்பல் போகாமலும் இருக்கலாம். டிக்கெட்டின் பின்பக்க விதிகளில் அதற்கு இடம் வைத்திருப்பார்கள்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் அரைப் பக்கம் எழுதிவிட்டீர்கள், நான் காபியோடு நிறுத்திக்கொள்கிறேன். சேர்வராயன் மலையில் காபி விளைகிறது, எங்கள் வீட்டில் தினமும் டிகாஷன் இறங்குகிறது, கப்பலில் கிடைத்ததற்குப் பெயர் காபி இல்லை. சைவமும் ஜைனச் சமையலும் இந்தியர் நிறைய ஏறும் கப்பல்களில் தாராளமாகக் கிடைக்கின்றன. கரன்ட் கெட்டிலைக் கொண்டு போகாதீர்கள், பரிசோதனையில் எடுத்து வைத்துக்கொள்வார்கள். அத்தையின் காமாட்சி விளக்கு, ஊதுபத்தி, சூடம் மூன்றும் அங்கேயே நின்றுவிட்டன. கப்பலில் தீ என்றால் ஓடுவதற்குத் தெரு கிடையாது, அவர்கள் செய்தது நியாயம்தான். தட்டுவடைப் பாக்கெட்டை மட்டும் பிரிக்காமல் விட்டார்கள்.

குமட்டல் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு. எந்த சீட்டில் உட்கார்ந்தால் வாந்தி வரும் என்று சேலத்துக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், கடைசி சீட். கப்பலும் அப்படித்தான். பூங்காவில் சீசாப் பலகை ஆடும்போது இரண்டு முனையும் ஏறி இறங்கும், நடுவில் நிற்பவனுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. கப்பலின் மூக்குப் பக்கமும் வால் பக்கமும் அந்த முனைகள். உயரம் ஏற ஏறப் பக்கவாட்டு ஆட்டமும் கூடும். தண்ணீருக்கு அடியில் துடுப்பு மாதிரி நீட்டிக்கொள்ளும் ஸ்டெபிலைசர்கள் இப்போதைய கப்பல்களில் உண்டு. அவை பக்கவாட்டு ஆட்டத்தை அடக்கும், முன்னும் பின்னும் தூக்கிப் போடுவதை அல்ல. ஆகவே கீழ்த்தளத்தில், நடுவில் இருக்கும் மலிவான அறைதான் வயிற்றுக்கு நல்லது. உச்சித் தளத்து முன்பக்கப் பால்கனிக்குக் கூடக் காசு கொடுப்பவர்கள் ஆட்டத்தையும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள். மாதமும் பார்க்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்றில் அரபிக்கடல் கொந்தளிக்கும், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வங்கக்கடல் புயல் காலம். மாப்பிள்ளைக்கு எலுமிச்சம்பழத்தை மோந்து பார்த்தே ஒரு ராத்திரி போனது.

பயிற்சியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஏறிய அன்றே, அலாரம் அடித்தால் எங்கே கூட வேண்டும் என்று காட்டுவார்கள். நம்மவர்கள் பலர் அந்த நேரம் பார்த்து பஃபேயில் வரிசை நிற்கிறார்கள். முன்பு, ஏறி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்று இருந்தது. 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜிக்லியோ தீவோரம் கோஸ்டா கான்கார்டியா பாறையில் இடித்துச் சாய்ந்தது, 32 பேர் இறந்தார்கள். அன்று மாலைதான் ஏறிய பல நூறு பேருக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் கப்பல் புறப்படும் முன்போ, புறப்பட்டவுடனோ நடத்தியே ஆக வேண்டும் என்று விதி மாறியது.

பணம். எங்களுக்குச் சொன்னது தலைக்கு 41,000. இறங்கும்போது கூட்டிப் பார்த்தால் 58,000-ஐத் தாண்டியிருந்தது. துறைமுக வரி, ஆளுக்கு ராத்திரிக்கு இவ்வளவு என்று தானாகவே ஏறும் டிப்ஸ், வைஃபை, பேரன் குடித்த கலர், கரையில் இறங்கிச் சுற்றிய பஸ். விலைக்குள் என்னென்ன அடக்கம் என்பது கென்டிங்கில் ஒரு மாதிரி, ராயல் கரீபியனில் ஒரு மாதிரி, வைக்கிங்கில் சுற்றிப் பார்ப்பதற்கான ஒரு பயணம் ஒவ்வொரு ஊரிலும் விலைக்குள்ளேயே வந்துவிடுகிறது. உள்ளே என்ன, வெளியே என்ன என்று தெரியாமல் இரண்டு கப்பலின் விலையைப் பக்கத்தில் பக்கத்தில் போடுவது, உரித்த தேங்காயையும் மட்டைத் தேங்காயையும் ஒரே தராசில் வைப்பது மாதிரி.

கட்டுரையில் மிகவும் உறுத்தியது 'சிங்கப்பூர் – கோலாலம்பூர் – பினாங்கு' என்ற வழித்தடம். கோலாலம்பூரில் கடல் எங்கே இருக்கிறது? கப்பல் நிற்பது போர்ட் கிளாங்கில். அங்கிருந்து நகரத்துக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரம், வழியில் நெரிசல் என்றால் இன்னும் கூடும். 'ஏற்காடு' என்று சொல்லி அடிவாரத்தில் இறக்கிவிடும் கதை. காலையில் இறங்கி, போய், இரட்டைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து, படம் எடுத்து, கப்பல் போய்விடுமோ என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே திரும்பினோம். சில ஊர்களில் இதுவும் இல்லை. கப்பல் நடுக்கடலில் நங்கூரம் போட்டுவிட, சின்னப் படகில் இறங்கித்தான் கரைக்குப் போக வேண்டும். ஏற்காடு ஏரியில் படகுக்குள் கால் வைக்கவே இரண்டு பேர் பிடிக்க வேண்டிய பெரியவர்களை வைத்துக்கொண்டு அது ஆகிற காரியமா?

அடுத்த முறை இதை எழுதினால் ஒரு அட்டவணை போடுங்கள். கப்பலின் டன், இரண்டு பேர் கணக்கில் பயணிகள், கட்டிய வருஷம், துறைமுகத்தில் நேராக இறங்கலாமா படகா, கரையில் எத்தனை மணி நேரம். ஐந்து கட்டம் போதும். விலையை ஆறாவதாகப் போடுங்கள். சிங்கப்பூரிலிருந்து கிளம்பி மறுபடி சிங்கப்பூருக்கே வருகிறோம் என்பதால் அந்த ஊர் விசா ஒரு தடவை மட்டும் நுழைகிற விசாவாக இருக்கக் கூடாது என்பதையும் அடியில் ஒரு வரியில் சேருங்கள்.

பினாங்கு மட்டும் வேறு மாதிரி. ஸ்வெட்டன்ஹாம் துறையில் கப்பல் ஊரை ஒட்டியே நிற்கிறது. இறங்கி நடந்தால் ஜார்ஜ் டவுன் வந்துவிடும். கொஞ்ச தூரத்தில் தமிழ்க் கடைகள், பூக்கடை, குயின் தெருவில் 1833-இல் கட்டிய மகா மாரியம்மன் கோயில். என் அப்பாவின் அப்பா அம்மாபேட்டையிலிருந்து கிளம்பி, நாகப்பட்டினத்தில் கப்பலேறி, இந்த ஊரில்தான் இறங்கினார். ஒரு ஜவுளிக் கடையில் எட்டு வருஷம் வேலை. அவர் போனது ரஜூலாவில். 1926-இல் கட்டி, 1970-களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய கப்பல். எட்டாயிரத்துச் சொச்சம் டன். ஐயாயிரம் டெக் பயணிகள்வரை ஏற்ற அதற்கு உரிமம் இருந்த காலமும் உண்டு. அப்போது நூறு கன அடி ஒரு டன் என்று வேறு கணக்கு, இருந்தாலும் வகுத்துப் பார்த்தேன். தலைக்கு இரண்டுகூட வரவில்லை.

கோயிலுக்கு எதிர்த் திண்ணையில் அத்தையை உட்கார வைத்து, காலை நீட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டு, இதையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், "உங்க தாத்தா ரூம்ல சன்னல் இருந்துச்சா கண்ணு?" என்றார்.

"ரூமே இல்லைங்க அத்தை. மேல் தளத்துல பாய் விரிச்சுப் படுத்துக்கிட்டுப் போவாங்களாம்."

"அப்ப அவருக்குக் கடல் நல்லாத் தெரிஞ்சிருக்கும்" என்றார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
அஸ்தம்பட்டி, சேலம் – 7.

(பெயரைப் போட வேண்டாம். டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் உங்கள் பத்திரிகையைத்தான் வாங்குகிறார்.)